காளையும் கரடியும் ஆடிய புல்தரை

(சிறு முதலீட்டாளர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். “சந்தைக் கூட்டத்தில் டென்னிஸ் பேசப் போகிறீர்களாமே?” என்று வாசலிலேயே ஒரு பெரியவர் மடக்கிவிட்டார். “ஐயா, அங்கேயும் புள்ளி, இங்கேயும் புள்ளி. ஏறி இறங்குவதைப் பார்த்துப் படபடக்கிற நெஞ்சு ஒன்றுதானே?” என்றேன். உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில்தான் இருக்கிறார்.

சந்தையில் ஏற்றத்துக்குக் காளை, இறக்கத்துக்குக் கரடி என்று பெயர். டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலின் சின்னம் என்ன? காளையின் கொம்பு. சட்டையிலும் காலணியிலும் அதைத்தான் போட்டுக்கொண்டு வருவார். அவருடைய போட்டியாளர் ரோஜர் ஃபெடரர் சுவிட்சர்லாந்துக்காரர். அந்த நாட்டின் தலைநகரான பெர்னின் சின்னம் கரடி. “அவர் பிறந்தது பாசலில்” என்று யாரோ கையைத் தூக்குகிறீர்கள். தெரியும். கொஞ்ச நேரம் விளையாட விடுங்கள்.

2008 ஜூலை 6, விம்பிள்டன் இறுதி. ஐந்து ஆண்டுகளாகப் பட்டத்தை விட்டுக்கொடுக்காத கரடியைக் காளை முட்டிச் சாய்த்தது. 6-4, 6-4, 6-7, 6-7, 9-7. ஆட்டம் மட்டும் 4 மணி 48 நிமிடம், நடுவே மழை வேறு. ஆகஸ்ட் 18 அன்று நடால் உலக முதலிடத்துக்கு வந்தார். ஃபெடரர் தொடர்ந்து 237 வாரம் உட்கார்ந்திருந்த நாற்காலி அது. அன்றிலிருந்து சரியாக நான்காம் திங்கட்கிழமை, செப்டம்பர் 15, அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தது, சந்தை சரிந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஃபெடரர் விம்பிள்டனையும் முதலிடத்தையும் மீட்டார். சந்தையும் மார்ச் மாதப் பள்ளத்திலிருந்து மேலேறிக்கொண்டிருந்தது. ஆக, மைதானத்தில் காளை ஜெயித்தால் சந்தையில் கரடி, மைதானத்தில் கரடி ஜெயித்தால் சந்தையில் காளை!

பார்த்தீர்களா, இரண்டு பேர் குறிப்பெடுக்கிறீர்கள். 2010இல் நடால் ஒரே ஆண்டில் கிராண்ட்ஸ்லாம் என்னும் நான்கு பெரும் போட்டிகளில் மூன்றை வென்றார், சந்தையும் கூடவே ஏறியது. 2017இல் நான்கு பட்டங்களை இருவரும் ஆளுக்கு இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள், அப்போதும் சந்தை ஏறியது. சூத்திரம் அங்கேயே செத்துவிட்டது. ஆனால் 2009 ஜூலையில் இதைக் கட்டம் போட்டு, கோடு கிழித்து, சந்தா வாங்கிக்கொண்டு விற்றிருக்க முடியும். வாங்கவும் ஆள் இருந்திருக்கும்.

சரி, வேடிக்கை போதும். அந்த இறுதி ஆட்டத்தின் நான்காம் செட் டைபிரேக்கருக்கு, அதாவது 6-6 என்று சமமானால் செட்டை முடித்துவைக்கும் புள்ளிப் போட்டிக்கு, வாருங்கள். நடால் 5-2 முன்னிலை. செர்வும் அவர் கையில். இன்னும் இரண்டு புள்ளி எடுத்தால் விம்பிள்டன். என்ன செய்தார்? டபுள் ஃபால்ட், இரண்டு செர்வும் தவறிப் புள்ளி போனது. அதுவரை அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. இலாபம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கைக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? பிறகு 8-7இல் பட்டத்துக்கான புள்ளி மறுபடி நடாலிடம். ஃபெடரர் ஒற்றைக் கைப் பேக்ஹேண்டில் கோட்டை ஒட்டி ஓர் அடி அடித்தார். தோல்விக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஒரே புள்ளி, அந்த நேரத்தில் அப்படி ஓர் அடி! செட்டையும் எடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு முன்பு முடிந்துபோன ஆள் என்று எழுதப்பட்டவர் அவர்.

அன்று மொத்தம் விளையாடியது 413 புள்ளி. நடாலுக்கு 209, ஃபெடரருக்கு 204. வித்தியாசம் ஐந்தே ஐந்து. ஆனால் எதிராளி செர்வ் போடும் கேமைப் பறிக்க ஃபெடரருக்குக் கிடைத்த பிரேக் வாய்ப்பு 13, பயன்பட்டது ஒன்று.

2024இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஃபெடரரே ஒரு கணக்குச் சொன்னார். ஒற்றையரில் ஆடியவை 1,526 ஆட்டங்கள், ஏறக்குறைய 80 சதவீதம் வெற்றி. ஆனால் வென்ற புள்ளிகள் 54 சதவீதம்தான்! நூற்றில் 46 புள்ளி தோற்றவர்தான் உலகம் கொண்டாடிய ஃபெடரர். அமெரிக்கச் சந்தையின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள், ஏறிய நாட்களும் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். அந்தச் சற்று, ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் மலை.

இங்கே ஒரு முட்டுக்கட்டை போட்டாக வேண்டும். டென்னிஸில் ஒரு புள்ளி தோற்றால் போவது ஒரு புள்ளி. கடன் வாங்கிப் பந்தயம் கட்டுகிற சந்தையில் ஒரே புள்ளியில் மட்டையையே பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். எஃப் அண்ட் ஓ என்னும் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டதாகச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2024இல் அறிக்கை வெளியிட்டது. அவர்களிடம் போய் 54 சதவீதக் கதையைச் சொன்னால் அடிக்க வருவார்கள். நியாயம்தான்.

இன்னொரு கணக்கு. இருவரும் மோதியது 40 முறை. நடால் 24, ஃபெடரர் 16. இதை வைத்துக்கொண்டு டீக்கடையில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. பிரித்துப் பாருங்கள்: களிமண் தரையில் 14-2 நடால். புல்தரையில் 3-1 ஃபெடரர். கடினத் தரையில் 11-9, அதுவும் ஃபெடரர். சந்தைக் குறியீட்டெண்ணும் ஒரே எண்ணைத்தான் காட்டும், உள்ளே எந்தத் துறை தூக்கியது, எது இழுத்தது என்று காட்டாது. 2007இல் மயோர்க்காத் தீவில் பாதி புல், பாதி களிமண் போட்டு ஒரு காட்சி ஆட்டமே நடத்திப் பார்த்தார்கள். அதிலும் நடால் மூன்றாவது செட் டைபிரேக்கரில்தான் தப்பினார்.

தரவரிசையும் நம் சந்தை போலத்தான். 52 வாரம் தாண்டிய புள்ளி உதிர்ந்துவிடும். சென்ற ஆண்டு சாம்பியன் இந்த ஆண்டு முதல் சுற்றில் தோற்றால், சென்ற ஆண்டு வெற்றியே அவரைக் கீழே தள்ளும். நாமும் 52 வார உச்சம், 52 வார அடி என்றுதானே பார்க்கிறோம்? 2017 ஜனவரியில் ஆறு மாத ஓய்வுக்குப் பிறகு ஆஸ்திரேலிய ஓப்பன் ஆட மெல்பர்னுக்கு வந்த ஃபெடரர் உலகத் தரத்தில் 17. வயது 35. இறுதி ஆட்டத்தின் ஐந்தாம் செட்டில் 1-3 என்று பின்தங்கி, அடுத்தடுத்து ஐந்து கேம் எடுத்து, அதே நடாலை வென்றார். அடிவிலையில் வாங்கியிருந்தால் என்று நாம் பெருமூச்சு விடுகிற பங்கு அது.

நான் நடாலை நேரில் பார்த்தது சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில். 2004இல் 17 வயதுப் பையனாக இங்கே இரட்டையர் பட்டம் வென்றபோது எனக்கு அவரைத் தெரியாது, கோட்டைவிட்டேன். 2008 ஜனவரி அரையிறுதிக்குப் போனேன். கார்லோஸ் மோயாவோடு நான்கு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக, மூன்று செட்டும் டைபிரேக்கர். பக்கத்தில் நண்பர் ஒருவர், சென்செக்ஸ் 21,000 தொடப்போகிற நேரமாச்சே, இடைவேளைக்கு இடைவேளை எனக்குப் பங்கு பேர் சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் இறுதியில் மிகயீல் யூஷ்னிக்கு எதிராக நடால் நடக்கவே சிரமப்பட்டார். முதல் செட் 0-6. நண்பர் எழுந்து வண்டி எடுக்கப் போய்விட்டார். நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் செட்டில் நடால் ஒரே ஒரு கேம் எடுத்தார். எழுந்து நின்று கைதட்டினேன்.