படமும் வேண்டும், இடமும் வேண்டும்: வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நிறைவில் ஆற்றிய உரை

விழாத் தலைவர் ஐயா அவர்களே, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகியும் நமக்காக அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, காலையிலிருந்து கால் கடுக்க நின்று ஊசி போட்டு முடித்திருக்கும் கால்நடை உதவி மருத்துவர் அவர்களே, அவருக்குத் தோள்கொடுத்த கால்நடை ஆய்வாளர்களே, பள்ளிக்கூடத்தை ஒரு நாள் நமக்கு விட்டுக்கொடுத்த தலைமை ஆசிரியை அவர்களே, வார்டு உறுப்பினர்களே, ஸ்டுடியோ நடத்தும் பெரியவர்களே, மடியிலும் காலடியிலும் செல்லங்களோடு உட்கார்ந்திருக்கும் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம். சால்வைக்குச் செலவிடும் பணத்தைத் தெருநாய்களின் தடுப்பூசிக்குக் கொடுத்த விழாக்குழுவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வீட்டில் ஒரு நாய் பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் வளைய வரும். அது செத்துப்போன மறுநாள்தான் போனைத் தடவி அதன் படத்தைத் தேடுவோம். கிடைப்பதெல்லாம் கல்யாண வீட்டுப் படத்தின் ஓரத்தில் தெரியும் ஒரு வால். அந்த நிலை இங்கே யாருக்கும் வரக்கூடாது. செல்லங்களைப் படமெடுக்க வெளிச்சம், வயது, எடுத்த படத்தைக் காப்பது, பிரிவைத் தாங்குவது என்று நான்கு விஷயம் பேச வந்திருக்கிறேன்.

முதலில் வெளிச்சம். உச்சி வெயிலில் நிறுத்தி எடுக்காதீர்கள்; கண் குழிக்குள் இருட்டு விழும், நாயும் கண்ணை இடுக்கும். காலை எட்டரைக்குள் எடுங்கள், அல்லது மாலை நாலரைக்கு மேல். நடுப்பகல்தான் வசதி என்றால் திண்ணை, மரத்தடி, ஜன்னலோரம். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்ற பழமொழி படமெடுப்பவருக்கும் சேர்த்துச் சொன்னதுதான். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. அதனால்தான் படத்தில் கண் பச்சையாக எரிகிறது.

கறுப்பு நாய் வைத்திருப்பவர்கள் படமே சரியாக வருவதில்லை என்பார்கள். காரணம் இருக்கிறது. கேமரா தன் முன்னால் நிறைந்திருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுப்பு வெளுத்துப்போகும், ராஜபாளையம் நாயின் வெள்ளை மங்கிப்போகும். போனில் நாயின் முகத்தைத் தொட்டால் பக்கத்தில் சூரியக் குறி வரும். கறுப்புக்குக் கீழே இழுங்கள், வெள்ளைக்கு மேலே தள்ளுங்கள். கேமராவில் என்றால் வெளிச்ச அளவைக் கறுப்புக்கு மைனஸ் 1 வரை, வெள்ளைக்கு பிளஸ் 1 வரை போதும். நேர் வெயிலில் மட்டும் வெள்ளைக்குக் கூட்டக்கூடாது; ரோமத்தின் இழையே அழிந்துவிடும்.

நின்றுகொண்டு எடுத்தால் முதுகுதான் விழும். தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். போனை மூக்கருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்து முகம் கோணும். ஆறடி தள்ளிப்போய் இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நீள முகத்து நாய்களைக் கேமராவில் லென்ஸ் துளையை அகலத் திறந்து எஃப் 1.8 வைத்து எடுத்தால் மூக்கு தெளிவாகவும் கண் மங்கலாகவும் வரும். துளையைச் சுருக்கி எஃப் 5.6 வையுங்கள், குவியம், அதாவது ஃபோகஸ், கண்ணில் இருக்கட்டும். உட்கார்ந்த நாய்க்கு ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 250இல் ஒரு பங்கு, ஓடும் நாய்க்கு 1000இல் ஒரு பங்கு. காதை நிமிர்த்த பிஸ்கட் உறையை ஒரே ஒரு தடவை கசக்குங்கள். திரும்பத் திரும்பக் கசக்கினால் அது திரும்பியே பார்க்காது. கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ, காதைப் பின்னால் மடித்தாலோ பயந்திருக்கிறது என்று பொருள். அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.

இனி வயது. குட்டிக்குக் கண் திறக்கப் பத்திலிருந்து பதினான்கு நாளாகும். அதற்குமுன் விளக்கை முகத்தருகே கொண்டுபோகவே கூடாது. அப்புறம் மாதம் ஒரு படம், அதே நிலைப்படி, பக்கத்தில் அதே சொம்பு. சொம்பைத் தாண்டி அது வளர்வது தானாகத் தெரியும். நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் பால்பல் விழும். அந்தப் பொக்கைச் சிரிப்பைத் தவறவிடாதீர்கள். ஏழெட்டு வயதில் முகவாய் நரைக்கும். கிழ நாயை வழுவழுத் தரையில் நிறுத்தாதீர்கள், கால் வழுக்கும். ஒரு கோணிச்சாக்கை விரியுங்கள், படுத்திருந்தால் படுத்தபடியே எடுங்கள். அரை நிமிஷம் வீடியோவும் வேண்டும், ஏனென்றால் குரைப்பைப் படம் சேமிக்காது. இன்னொன்று. தினமும் சோறு வைக்கும் அம்மாவோ பாட்டியோ எந்தப் படத்திலும் இருப்பதில்லை. அவர்கள் கையிலிருந்து போனை வாங்கி, அவர்களையும் நாயையும் சேர்த்து எடுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில் நட்டது. எருமைகளைத் திருடர்கள் ஓட்டிப்போக வந்தார்கள். கருந்தேவக்கத்தி என்ற வீரன் எதிர்த்து நின்று உயிரை விட்டான். வீரனுக்குக் கல் நடுவது நம் நாட்டு வழக்கம். அதில் புதுமை இல்லை. ஆனால் அந்தக் கல்லில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது, ஐயா! செதுக்கியதோடு விட்டார்களா? இல்லை. வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் அதற்கென்று தனி வரி வெட்டினார்கள். கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்கிறது அந்த வரி. காடும் மேடுமான ஒரு சிற்றூரில், பால் கொடுக்கும் எருமையும் அதைக் காக்கும் நாயும்தான் சொத்து என்று வாழ்ந்த ஜனங்கள் அவர்கள். எத்தனையோ அரசர்களின் பெயர் அழிந்துபோயிருக்கிறது. கோவிவன் பெயர் நிற்கிறது. இங்கே மடியில் இருக்கும் ஒவ்வொரு மணியும் ஜிம்மியும் அந்தக் கோவிவனின் சொந்தம்தான்! (கைதட்டல்)

அந்தக் கல்லில் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, அது செய்த காரியம் இருக்கிறது. நம் படங்களின் பின்னால் என்ன இருக்கிறது? அச்சுப் போட்ட ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இந்த மூன்றையும் எழுதுங்கள். பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடித்துத் தெரியும். பசைத் தாள் ஆல்பம் சில வருஷத்தில் மஞ்சளடிக்கும், அது வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் படம் சுருங்கிவிடும். படத்தைக் காப்பது என்ற இந்த மூன்றாவது விஷயத்தை ஸ்டுடியோ பெரியவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் அடுத்ததற்குப் போகிறேன்.

பிரிவு. குழந்தையிடம் ‘மணி தூங்கிவிட்டது’ என்று சொல்லாதீர்கள். குழந்தை தூங்கவே பயப்படும். செத்துவிட்டது, இனி வராது என்று அன்பாகச் சொல்லுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் உடலை முகர விடுங்கள். மறுநாளே புதுக் குட்டி வாங்கிவராதீர்கள். குழந்தை படங்களை எடுத்துப் பார்த்து அழட்டும்.

அழலாம். ஆனால் உடலை எங்கே கொண்டுபோவது? நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, இதைத் தங்கள் முன் வைக்கத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். அடுக்குமாடியில் இருப்பவருக்கு ஒரு முழம் மண் கிடையாது. இரவு பத்து மணிக்கு உடலைப் பையில் சுற்றிக் குப்பைமேட்டைத் தேடும் குடும்பங்கள் இருக்கின்றன. நிழலின் அருமை வெயிலில் தெரியும்; உடலை அடக்கம் செய்ய ஓர் இடத்தின் அருமை அந்த இரவில்தான் தெரியும். இது பாசத்துக்காக மட்டும் கேட்பதில்லை. தீராத நோயின் துயர் தீர்க்க, மருத்துவர் மருந்து ஏற்றி உயிர் பிரிந்த உடலைத் தெருநாயோ பருந்தோ தின்றால் அதுவும் சாகலாம். குழி மூன்றடிக்குக் குறைந்தால் தெருநாய் தோண்டிவிடும். கிணற்றருகே புதைத்தால் தண்ணீர் கெடும். வெறிநோய் சந்தேகம் உள்ள உடலை வெறுங்கையால் தொடவே கூடாது.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. நகராட்சி எல்லைக்குள், நீர்நிலைக்கு அப்பால் ஐந்து சென்ட் நிலம், அல்லது எரிவாயு தகனமேடை வளாகத்தில் பிராணிகளுக்கென்று தனியாக ஒரு சிறு எரிகலன். கட்டணத்தை வாசலில் எழுதிப்போட வேண்டும், ரசீது தர வேண்டும், இரவில் அழைக்க ஓர் எண் இருக்க வேண்டும். கிராமத்திலிருந்து வந்திருப்பவர்கள் அக்டோபர் 2 கிராம சபையில் இதையே தீர்மானமாகக் கேளுங்கள். நகரத்தார் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மனுவோடு உங்கள் செல்லத்தின் படம் ஒன்றை, பின்னால் பெயரெழுதி இணையுங்கள். கையெழுத்துத் தாள் ஊசி போட்ட மேசையிலேயே இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. நன்றி, வணக்கம்.