டர்போ போய்விட்டதா? முழு செட்டா, கோர் மட்டுமா? – ஸ்விஃப்ட் டீசல் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிச் சொல்கிறேன். 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 1,70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வாடகைக்கு ஓட்டுகிறார். ஒரு மாதமாக ஆக்சிலேட்டரை மிதித்தால் தூரத்தில் ஆம்புலன்ஸ் வருகிற மாதிரி ஒரு ஊளைச் சத்தம், பின்னால் நீலப் புகை, பிக்கப் இல்லை, ஆயிலும் குறைகிறது. கடலூரில் ஒரு ஷெட்டில் "சூப்பர்சார்ஜர் போச்சு, முழு செட் மாத்தணும், 32,000 ஆகும்" என்கிறார்களாம். புதுச்சேரியில் இன்னொருவர் "உள்ளே இருக்கிற நடுப்பகுதி, கோர் மட்டும் போட்டா போதும், 12,000க்கு முடிச்சுத் தரேன்" என்கிறாராம். யாரை நம்புவது அண்ணே, என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் பெயரைச் சரி செய்துவிடுவோம். உங்கள் வண்டியில் இருப்பது டர்போசார்ஜர். நம் பக்கம் பல பேர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான், காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுவது. டர்போவைச் சுற்றுவது சைலன்சருக்குப் போகிற புகை. சூப்பர்சார்ஜரைச் சுற்றுவது கிராங்க் புல்லியிலிருந்து வருகிற பெல்ட். சின்னக் காரில் சூப்பர்சார்ஜர் என்பது நம் ஊரில் பார்க்கக் கிடைக்காத சாமான். வேடிக்கை என்னவென்றால் ஒரகடத்தில் நிஸான் மைக்ராவைக் கட்டி ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற்றினார்களே, அங்கே அந்த மைக்ராவில் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜினோடு சூப்பர்சார்ஜர் வைத்த ஒரு மாடலும் விற்றது. இங்கே நாம் வாங்கிய மைக்ராவில் அது கிடையாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய மினி கூப்பர் எஸ், 2002லிருந்து 2006 வரை வந்த மாடல், யாரிடமாவது இருந்தால் அதில் ஈட்டன் எம்45 என்கிற சூப்பர்சார்ஜர் இருக்கும். அதற்குள் இருக்கிற கியருக்குத் தனியாகக் கொஞ்சம் ஆயில், என்ஜின் ஆயில் அங்கே போகாது. அந்த ஆயில் வற்றினால் கியர் தேய ஆரம்பிக்கும். அந்த வண்டியில் வாட்டர் பம்பையும் அதே சூப்பர்சார்ஜர்தான் சுற்றுகிறது என்பதால் கியர் பல் போனால் என்ஜின் சூடேறி நின்றுவிடும். அந்தக் கதை இதோடு போதும், ஸ்விஃப்ட்டுக்கு வருவோம்.

உங்கள் என்ஜின் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி. இதே என்ஜின்தான் இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் என்ற பெயரில் வந்தது, புன்ட்டோவில் வந்தது. 75 குதிரைத் திறன் உள்ள ஸ்விஃப்ட்டிலும் டிசையரிலும் இருப்பது சாதாரண டர்போ. எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா மாதிரி 90 குதிரைத் திறன் வண்டிகளில் இருப்பது விஜிடி, அதாவது உள்ளே திறந்து மூடுகிற இதழ்கள் இருக்கும். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது 32,000, 12,000 இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு நீங்களே ஒரு சோதனை செய்யலாம். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள், சூட்டில் கை வைத்தால் தோல் போய்விடும். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகிற ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றினால் உள்ளே சின்ன விசிறி ஒன்று தெரியும், சோடா மூடியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இந்தத் துக்கடா விசிறி முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரைக்கும் போகும். நம் வீட்டு சீலிங் ஃபேன் 350 சுற்று சுற்றுகிறது, யோசித்துப் பாருங்கள். அந்த விசிறியின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். துளி ஆட்டம் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதந்து ஓடுகிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள், வண்டி நிற்கும்போது ஆயில் வடிந்திருக்கும், அதனால் அந்த ஆட்டம். ஆனால் ஆட்டும்போது இறக்கை சுற்றுச் சுவரில் உரசக் கூடாது. அடுத்து நட்டை உங்கள் பக்கம் இழுத்து உள்ளே தள்ளுங்கள். முன்னும் பின்னும் டக் டக் என்று கைக்குத் தெரிகிற மாதிரி நகர்ந்தால் பேரிங் முடிந்தது. இறக்கையின் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், முனை மழுங்கி, கரையான் அரித்த மாதிரி இருந்தால் உள்ளே மண் போயிருக்கிறது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டுத் தண்ணீரில் ஓட்டி ஃபில்டர் பேப்பர் நனைந்து கிழிந்துபோகும், அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை, தை மாதத்துப் புழுதி நேராக இந்த விசிறிக்குப் போகும்.

குழாய்க்குள் லேசாக ஆயில் பிசுக்கு இருந்தால் உடனே டர்போ போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். ப்ரீதர், அதாவது என்ஜினுக்குள் சேர்கிற காற்றை வெளியே விடுகிற குழாய், அது வழியாக வருகிற ஆயில் ஆவி அங்கே படியும், எல்லா டீசலிலும் அது இருக்கும். குட்டையாகத் தேங்கியிருந்தால்தான் விஷயம்.

அப்புறம் ஊளைச் சத்தம். இது டர்போவில்தான் வர வேண்டும் என்று இல்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு, அதாவது அமுக்கிய காற்றைக் குளிரவைக்கிற பெட்டிக்கு, போகிற ஹோஸில் ஒரு விரிசல் விட்டாலும் மிதிக்கும்போது அதே மாதிரி சத்தம் வரும், பிக்கப்பும் போகும். அப்படியென்றால் புகை கறுப்பாக இருக்கும், காற்று பற்றாமல் டீசல் முழுதாக எரியாமல் வருகிற கறுப்பு. ஹோஸை மடக்கி அடிப்பக்கம் பாருங்கள், விரிசல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் விடும். ஒரு ஹோஸ் போட்டு முடிகிற வேலைக்கு டர்போவையே மாற்றிவிட்டு வந்து, "இன்னும் சத்தம் போகலையே" என்று என்னிடம் நின்றவர்கள் உண்டு. உங்களுக்கு நீலப் புகையும் இருக்கிறது, ஆயிலும் குறைகிறது என்பதால் ஹோஸ் மட்டும் காரணமாக இருக்காது. இருந்தாலும் பார்த்துவிடுங்கள், காசா பணமா.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எங்கே எரிகிறது என்பதுதான் கேள்வி, இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். என்ஜினை ஐடிலில் விட்டு ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகக் காற்று வந்தால் சரி. இட்லிப் பானை மூடியைத் தூக்கினால் குப்பென்று ஆவி அடிக்குமே, அப்படி புகை அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து சிலிண்டரில் இருக்கிற அழுத்தம் கீழே சம்ப்புக்கு, அதாவது ஆயில் தேங்குகிற தொட்டிக்கு, கசிந்து இறங்குகிறது. அந்த நிலைமையில் நீங்கள் தங்கத்தில் டர்போ செய்து போட்டாலும் புகை நிற்காது. ஏனென்றால் டர்போவில் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் இருக்கிற சீல் ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன இரும்பு வளையம்தான். உள்ளே வந்த ஆயில் ரிட்டர்ன் பைப் வழியாகத் தானாகக் கீழே சம்ப்புக்கு வடிய வேண்டும். சம்ப்பில் காற்று அழுத்தம் ஏறியிருந்தாலோ, ரிட்டர்ன் பைப் அடைத்திருந்தாலோ ஆயில் வடிய வழியில்லாமல் அந்த வளையத்தைத் தாண்டி விசிறிப் பக்கம் கசியும். டர்போ நல்லாத்தான் இருக்கும், பழி மட்டும் அதன் மேல் விழும். ப்ரீதர் அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

சரி, ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடுகிறது, மூடியில் புகை அடிக்கவில்லை, டர்போதான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கோரா, முழு செட்டா?

என்னைக் கேட்டால் உங்கள் 75 குதிரைத் திறன் வண்டிக்கு நல்ல கோர் தாராளமாகப் போதும். கோர் என்பது நடுப்பகுதி, ஷாஃப்ட், இரண்டு விசிறி, பேரிங், ஹௌசிங் எல்லாம் சேர்த்து மிஷினில் பேலன்ஸ் செய்து வருவது. வெளி ஓடு இரண்டும் உங்களுடையதே. ஆனால் புகைப் பக்கத்து ஓட்டில் வெடிப்பு இருக்கக் கூடாது, விசிறி உரசிச் சுவரில் பள்ளம் விழுந்திருக்கக் கூடாது. பள்ளம் விழுந்திருந்தால் முழு செட் போடுங்கள், அதில் பேச்சே இல்லை. பழைய ஷாஃப்ட்டை வைத்துக்கொண்டு பேரிங்கும் வளையமும் மட்டும் மாற்றி இங்கேயே தட்டிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள், பேலன்ஸ் இல்லாமல் 2 லட்சம் சுற்றுக்கு அது தாங்காது. எர்டிகா, சியாஸ் வைத்திருப்பவர்களுக்கு என் பதில் வேறு. விஜிடியில் அந்த இதழ்கள் எவ்வளவு மூட வேண்டும் என்பதை மிஷினில் வைத்து செட் செய்ய வேண்டும், ஷெட்டில் கண் அளவில் செய்கிற வேலை கிடையாது. அதற்கு முழு செட், இல்லையென்றால் செட்டிங் செய்து வந்த ரீகண்டிஷன் செட். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கிற பழைய டர்போவை மட்டும் எதற்கும் வாங்காதீர்கள், அது எந்த வண்டியிலிருந்து எதனால் கழன்றது என்று விற்பவருக்கே தெரியாது.

ஆனால் தம்பி, 12,000மோ 32,000மோ, இரண்டு பேரிடமும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பழைய டர்போ எதனால் போனது? இதற்குப் பதில் சொல்லாதவரிடம் வண்டியை விடாதீர்கள். இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். ஏழெட்டு வருடம் முன்னால் ஒரு விஸ்டா டாக்சி என் ஷெட்டுக்கு வந்தது. கோர் மாற்றினேன், புது கேஸ்கெட் போட்டேன், ஆயில் மாற்றினேன், வண்டி பறந்தது. பதினெட்டாம் நாள் சேத்தியாத்தோப்பிலிருந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கோர் நீலம் பாரித்துப் போயிருந்தது, ஆயில் கிடைக்காமல் வெந்துவிட்டது. ஆயில் வருகிற ஃபீட் பைப்பை நான் மாற்றவில்லை, காற்று அடித்துப் பார்த்தேன், காற்று போனது, சரி என்று மாட்டிவிட்டேன். இந்தத் தடவை ஆக்ஸா பிளேடு வைத்து அந்தப் பைப்பை வளைவில் அறுத்தேன். உள்ளே கரி படிந்து பால்பாயின்ட் ரீஃபில் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை. இரண்டாவது கோர் என் கைக்காசு. அந்தப் பைப் துண்டு இன்னும் என் மேஜை மேல் கிடக்கிறது, இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், தெரிகிறதா?

அதனால் ஃபீட் பைப் புதுசு, அதன் செப்பு வாஷர் புதுசு. சில வண்டிகளில் அந்த போல்ட்டுக்குள் சின்ன வலை இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெயினரில், அதாவது ஆயிலை வடிகட்டுகிற வலையில், கசடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஆயில் மாற்றுவதைத் தள்ளித் தள்ளிப் போட்ட வாடகை வண்டியில் அங்கே கருப்பு அல்வா மாதிரி இருக்கும். இன்டர்கூலரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே தேங்கிய ஆயிலை வடித்துக் கழுவியே ஆக வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் மிதித்தவுடன் அந்த ஆயிலை என்ஜின் இழுத்துவிடும். டீசல் என்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான், சாவியைப் பிடுங்கினாலும் நிற்காமல் ரேஸ் ஏறிக்கொண்டே போகும். ஒரு தடவை கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. அப்படி ஆகிவிட்டால் நாலாவது கியர் போட்டு பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு கிளட்சை விடுங்கள், திணறி நிற்கும். காற்று போகிற வாயில் கையை வைக்காதீர்கள், பலகை வைத்து அடைக்கலாம்.

நம் கடலோரக் காற்றுக்கு இன்னொரு விஷயம். டர்போவை என்ஜினோடு பிடித்திருக்கிற மேனிஃபோல்டு ஸ்டட் எல்லாம் உப்பில் துருப்பிடித்துக் கல்லாகியிருக்கும். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கத்து வண்டிகள் ரொம்ப மோசம். முதல் நாள் சாயங்காலமே துரு இளக்குகிற ஆயில் அடித்து ஊறவிட்டுக் காலையில் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டு முறித்துவிட்டு அதற்கு ஒரு டிரில் பில் வந்தால் உங்கள் தலையில்தான்.

மாட்டும்போது டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். இஞ்ஜெக்டர் வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்டரை இரண்டு மூன்று தடவை விட்டு விட்டுச் சுற்றி, ரிட்டர்ன் பக்கம் ஆயில் வந்ததும் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐடிலில் விட வேண்டும், ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது. மாட்டியவுடன் நம் ஆட்கள் சந்தோஷத்தில் விரூம் விரூம் என்று ஏற்றுவார்கள், பக்கத்தில் நின்று தடுத்துவிடுங்கள்.

ஓட்டுகிற விதத்தில் ஒன்றே ஒன்று. சிதம்பரத்திலிருந்து நூறில் வந்து புதுச்சத்திரத்தில் டீக்கடையைப் பார்த்ததும் நிறுத்தி அதே கையோடு சாவியைத் திருப்பாதீர்கள், ஒரு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். உடனே அணைத்தால் ஆயில் நின்றுவிடும், உள்ளே இருக்கிற சூட்டில் அந்த ஆயில் கரியாகும். நான் காட்டினேனே அந்தப் பைப், அது அப்படி அடைத்ததுதான். மஞ்சக்குப்பத்துக்குள்ளேயே சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் இது தேவையில்லை.

ஆக தம்பி, நாளைக்குக் காலையில் மூடியைத் திறந்து ஒரு வீடியோ, விசிறியை ஆட்டி ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். மூடியில் ஆவி அடிக்கவில்லையென்றால் புதுச்சேரிக்காரரிடமே போகலாம், ஆனால் அந்த 12,000த்தில் ஃபீட் பைப்பும் இன்டர்கூலர் கழுவுவதும் சேர்த்தியா என்று கேட்டுவிட்டுப் போங்கள். கழற்றிய பழைய கோரையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சரி, அடுத்தது பாகூரிலிருந்து, ஏ.சி. போட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறதாம்.