மதியம் மணக்காத ஆர்க்கிட், இரவு எட்டு மணிக்கு எப்படி மணக்கிறது?

[காட்சி: பால்கனிக் கம்பியில் தொங்கும் தொட்டி. ஒல்லியான இதழ்களோடு ஒரு வெண்பூ. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று.]

இந்தப் பூவை இப்போது முகர்ந்து பார்க்கிறேன். துளி மணம்கூட இல்லை.

[காட்சி: அதே பூ. வெளியே இருட்டு. மணி எட்டு.]

இப்போது மூக்கை அருகில் கொண்டுபோகவே வேண்டாம். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் "யார் எலுமிச்சம்பழம் நறுக்கியது?" என்று கேட்கிறார்கள். அதே செடி, அதே பூ. இடையில் ஐந்து மணி நேரம்தான் போயிருக்கிறது.

வணக்கம். இந்தச் செடியின் பெயர் பிராசவோலா நோடோசா. சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். இதற்கு மகரந்தம் சுமப்பவை இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள். அவை உறங்கும் நேரத்தில் மணம் பரப்பி என்ன பயன்? அதனால் பொழுது சாய்ந்த பிறகுதான் மணக்கிறது. நாமோ பட்டப்பகலில் நர்சரிக்குப் போய், முகர்ந்து பார்த்து, "வாசனையே இல்லை" என்று விட்டுவிட்டு வருகிறோம்!

ஆர்க்கிட் குடும்பத்தில் ஏறத்தாழ 28,000 இனங்கள் உண்டு. அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் வளர்கின்றன. பின்னணி இவ்வளவு போதும்.

[காட்சி: பச்சை உலோகம்போல் மின்னும் தேனீ, தொங்கும் பெரிய பூவின் மேல்.]

இனி நான் சொல்லப்போவதை முதன்முதலில் படித்த நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை. தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஆர்க்கிட் தேனீக்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. ஸ்டான்ஹோபியா என்ற ஆர்க்கிட்டைத் தேடி அவற்றின் ஆண்கள் வருகின்றன. அந்தப் பூவில் தேன் கிடையாது. பிறகு எதற்கு வருகின்றன? வாசனையை எடுத்துப்போக!

ஆண் தேனீ பூவில் உட்கார்ந்து, வாயருகே உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெய் போன்ற ஒரு பொருளைத் தடவுகிறது. மணம் அதில் கரைகிறது. முன்னங்கால் தூரிகைகளால் அதைத் துடைத்தெடுத்து, பின்னங்காலில் இருக்கும் பஞ்சுப் பை போன்ற அறையில் சேமிக்கிறது. இந்த வேலையின்போது பூவின் மகரந்தப் பொதி அதன் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. பூவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, வாடிய பூவை நீக்கிப் புதுப் பூவைப் போட்டு, மணமேறிய எள்ளைச் செக்கில் ஆட்டுவது வட இந்திய வாசனை எண்ணெய்க்காரர்களின் பழைய முறை. கொழுப்பைக் கொண்டு மணத்தைப் பிடிக்கும் அதே வித்தையைத்தான் இந்தப் பூச்சியும் செய்கிறது! தடவிய எண்ணெயை வீணாக்குவதும் இல்லை. மீண்டும் உடலுக்குள் உறிஞ்சிக்கொண்டு அடுத்த பூவுக்குப் பயன்படுத்துகிறது. சேர்த்த வாசனையைப் பெண் தேனீக்களைக் கவரும் இடத்தில் காற்றில் பரப்புகிறது.

இந்தத் தேனீக்கள் வாசனைக்காகவே வருகின்றன என்பதை 1966-இல் விளக்கியவர் ஜெர்மானிய தாவரவியலாளர் ஸ்டெஃபான் ஃபோகல். இந்தத் தேனீக்களுக்கு மிகவும் பிடித்த மணப்பொருள்களில் ஒன்று சினியோல். சளி பிடித்தால் நாம் தேய்த்துக்கொள்ளும் நீலகிரித் தைலத்தின் முக்கியப் பொருளும் அதுதான். ஒரு காகிதத்தை அதில் நனைத்து தென், மத்திய அமெரிக்கக் காட்டில் தொங்கவிட்டால், ஆண் தேனீக்கள் தேடி வந்துவிடும். ஆராய்ச்சியாளர்கள் அவற்றைக் கணக்கெடுப்பதே இப்படித்தான்.

ஸ்டான்ஹோபியா குளிர்ச்சியை விரும்பும் செடி. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இருப்பவர்கள் மரச்சட்டக் கூடையில் வைத்துப் பாருங்கள். பூந்தண்டு கீழ்நோக்கி, கூடையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். மண்தொட்டியில் வைத்தால் மொட்டு உள்ளேயே அழுகிவிடும். பூ மூன்று நாள்தான் இருக்கும், ஆனாலும் காத்திருப்பு வீண்போகாது.

நாற்றமடிக்கும் ஆர்க்கிட்டும் உண்டு. நியூ கினியின் பல்போஃபில்லம் ஃபலெனாப்சிஸ் ஈக்களை அழைக்க அழுகிய இறைச்சிபோல் நாறும். தயவுசெய்து வீட்டுக்குள் வேண்டாம்.

[காட்சி: மேசையில் மூன்று தொட்டிகள்.]

வீட்டுக்கு எதை வாங்கலாம்? ஷாரி பேபி என்ற ஆன்சிடியம் கலப்பினம் சாக்லேட்போல் மணக்கும். அதைப் பகலில் முகருங்கள். மாக்ஸிலாரியா டெனுயிஃபோலியா தேங்காய் மணம் வீசும். எனக்கு மிகவும் பிடித்தது டென்ட்ரோபியம் அனோஸ்மம். 'அனோஸ்மம்' என்றால் மணமற்றது என்று பொருள். ஆனால் பூத்தால் ராஸ்பெரிப் பழ வாசனை வீட்டை நிறைக்கும்! பாவம், தவறான பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நிற்கும். செத்துவிட்டதென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தண்ணீரைக் குறைத்துவிட்டுக் காத்திருங்கள், அந்த மொட்டைக் கணுக்களில்தான் மொட்டு வரும்.

பூக்கடைகளில் பெரிய பூக்களோடு நிற்கும் ஃபலெனாப்சிஸ் (நாற்றமடிக்கும் அந்தச் செடி அல்ல, இது வேறு வகை) கலப்பினங்களில் பெரும்பாலானவற்றுக்கு மணம் இல்லை. நிறத்துக்காகவும் வடிவத்துக்காகவும் உருவாக்கப்பட்டவை அவை.

வளர்ப்பது கடினமில்லை. நான் சொன்ன இந்த வீட்டுச் செடிகள் மரத்தில் ஒட்டி வாழ்பவை. சாதாரணத் தோட்ட மண்ணில் வைத்தால் வேர் மூச்சு முட்டி அழுகும். என் முதல் செடியைச் செம்மண்ணில் நட்டு இருபதே நாளில் இழந்தேன். கரித்துண்டு, உடைத்த ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு போதும். வேரைக் கவனியுங்கள்: வெள்ளி நிறமாக இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். காலை வெயில் படட்டும், உச்சி வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டு மரத்திலிருந்து மட்டும் எதையும் பிய்த்து வராதீர்கள். நர்சரியில் வளர்த்த செடியே நம் வீட்டுக்குப் பழகும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே பூத்த ஆர்க்கிட் இருக்கிறதா? நாளை காலை ஏழு மணி, நண்பகல், இரவு ஒன்பது மணி என்று மூன்று முறை முகர்ந்து பாருங்கள். எப்போது மணந்தது, எதைப்போல் மணந்தது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.