இடம் வந்தவர்கள் வலம் திரும்பிய நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

"அந்தச் சரக்கு ஸ்டாக் இல்லை" என்று கடைக்காரர் கையை விரித்தால் நமக்குப் புரிந்துவிடுகிறது. அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று பெயர் வைத்தவர்களும் அதே பொருளில்தான் வைத்தார்கள். பந்தயத்துக்கென்று தனியாகச் செய்த வண்டி அல்ல. ஷோரூமில் எவரும் பணம் கட்டி ஓட்டிக்கொண்டு போகக்கூடிய கார். பில் பிரான்ஸ் முன்னின்று 1948இல் உருவாக்கிய நாஸ்கார் அமைப்பு, மறு ஆண்டே இத்தகைய கார்களுக்கென ஒரு தொடரைத் தொடங்கியது. அதில் 1954இல் நடந்த ஒரே ஒரு பந்தயத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கோயிலில் நாம் வலம் வருகிறோம். ஸ்டாக் கார்க்காரர்கள் இடம் வந்தார்கள். நீள்வட்டத் தடம், அநேகமாக மண் தடம். கொடி அசைந்தது முதல் இறங்கும்வரை இடப்பக்கத் திருப்பங்கள் மட்டுமே. (மண்ணில் பின்சக்கரம் சறுக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் பிடிப்பார்கள். அது தனிக் கலை.) ஓயாமல் இடப்பக்கமே திரும்பினால் பாரமெல்லாம் வலப்பக்கச் சக்கரங்கள்மேல் விழும். ஆகவே மெக்கானிக்குகளின் கவலையும் அந்தப் பக்கத்து டயர், ஸ்பிரிங், சக்கர அச்சு ஆகியவற்றின்மேலேயே இருந்தது. அந்த ஆட்டத்தில் அப்போது கொடிகட்டிப் பறந்தது ஹட்சன் ஹார்னெட் என்ற அமெரிக்கக் கார். ஆறு சிலிண்டர், ஐந்து லிட்டர் எஞ்சின். எடை ஒன்றரை டன்னுக்கு மேல். ஆனால் உட்காரும் தளத்தைச் சட்டத்துக்குள் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். அதனால் அந்தக் கனமான வண்டி திருப்பத்தில் தரையோடு ஒட்டிக்கொண்டு போகும்.

1954 ஜூன் 13. நியூ ஜெர்சி மாநிலத்தின் லிண்டன் விமான நிலையம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் கடற்படைக்கு வைல்ட்கேட் போர் விமானங்கள் செய்தார்கள். அவை சோதனைக்காக மேலெழுந்த ஓடுபாதைகள் இவை. அந்தப் பாதைகளில் 2 மைல் நீளத் தடம் ஒன்றை வகுத்தார்கள். 50 சுற்று, மொத்தம் 100 மைல். இதில் வலப்பக்கமும் திரும்பியாக வேண்டும். நாஸ்காரின் முதன்மைத் தொடர் இத்தகைய சாலைத் தடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. 'இன்டர்நேஷனல் 100' என்ற பெயருக்கேற்ப அயல்நாட்டுக் கார்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். களம் கண்ட நாற்பதுக்கு மேற்பட்ட கார்களில் ஏறத்தாழப் பாதி வெளிநாட்டுச் சரக்கு. அவற்றில் ஜாகுவார்களே அதிகம்.

தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தது பக் பேக்கர் ஓட்டிய அமெரிக்கக் கார், ஓல்ட்ஸ்மொபைல். ஆனால் வென்றது ஒரு ஜாகுவார், எக்ஸ்கே 120. ஓட்டியவர் ஆல் கெல்லர். காரின் உரிமையாளர் யார் தெரியுமா? பால் வைட்மேன். 1920களில் அமெரிக்கா கொண்டாடிய ஜாஸ் இசைக்குழுத் தலைவர். கார்ப் பந்தயப் பித்து அவருக்கு நிறையவே உண்டு.

மலைப்பாதையில் இறங்கும் பழைய பஸ்ஸில் நீங்கள் போயிருந்தால் அந்தக் கருகிய வாடை நினைவிருக்கும். எனக்கு ஏற்காடு என்றாலே இன்றும் அந்த வாடைதான். டிரம் பிரேக்கை அடிக்கடி அழுத்த அழுத்த அது சூடேறி, பிடிப்பை இழந்துவிடும். நீள்வட்டத்தில் பிரேக்குக்கு வேலை குறைவு. லிண்டனிலோ நேர்ப்பாதையில் பாய்ந்துவந்து, திருப்பம் வந்ததும் அழுத்தி மிதிக்க வேண்டும். அதுவும் ஐம்பது சுற்றுக்கும். ஜாகுவாரின் பிரேக்கும் டிரம் பிரேக்தான், ஆனால் அது நிறுத்தவேண்டிய எடை சில நூறு கிலோ குறைவு. எஞ்சினும் சிறியதே, 3.4 லிட்டர்.

இலகுவான கார் கனமான காரை வென்றது, அவ்வளவுதான் என்று இதைச் சுருக்கிச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இரண்டாவதாக வந்தவர் ஜோ யூபேங்க்ஸ். அவர் ஓட்டியது அதே கனத்த ஹட்சன். கெல்லரும் ஒன்றும் அயல்நாட்டுக் கார்க்காரர் அல்லர். அவ்வாண்டு தொடக்கத்தில் ஜார்ஜியாவின் சவானாவில் அவர் ஒரு பந்தயத்தை வென்றிருந்தார், ஹட்சனில்! இரண்டு வகை வண்டிக்கும் ஈடுகொடுத்த கை அது.

நாஸ்காரில் கெல்லரின் கடைசி வெற்றியும் லிண்டன்தான். பிறகு, நீள்வட்டத் தடங்களில் ஓடும், பந்தயத்துக்கென்றே செய்த இண்டியானாபொலிஸ் வகைக் கார்களுக்கு மாறினார். மறுபடியும் இடப்பக்கத் திருப்பங்களுக்கே போனார் என்று சொல்லலாம். 1961இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். அதே ஆண்டு நவம்பரில் பீனிக்ஸ் தடத்தில் விபத்தில் இறந்துபோனார்.

நாஸ்காரின் முதன்மைத் தொடரில் அடுத்த வெளிநாட்டுக் காரின் பெயர் வெற்றிப் பட்டியலில் ஏற 54 ஆண்டுகள் ஆயின. 2008 மார்ச்சில் அட்லாண்டாவில் கைல் புஷ் டொயோட்டா கேம்ரியில் வென்றார். ஆனால் ஷோரூம் கேம்ரியில் எஞ்சின் சுழற்றுவது முன்சக்கரங்களை. பந்தயக் கேம்ரியில் பின்சக்கரங்களை. உள்ளே இருந்தது, எந்தக் கேம்ரி வாங்கினாலும் கிடைக்காத எட்டு சிலிண்டர் எஞ்சின். இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் போர்த்திய தகட்டில் கேம்ரி என்று எழுதியிருந்தது. வைட்மேன் வாங்கிய ஜாகுவாரோ கடையில் ஸ்டாக் இருந்தது.

வணக்கம்.