60 காசு மின்தேக்கிக்காக ஈப்போ வரை

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட்டில் மழை கொட்டுகிறது, தகரக் கூரை இரைகிறது. ஒலியைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். நேற்று இரவு என் மீட்டரில் திறன் காரணி 0.99 வந்துவிட்டது! இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்பதைக் காட்டும் எண் அது, 1 என்றால் முழுமை. போன வீடியோவில் 0.92-ஐத் தாண்டாமல் உயிரை வாங்கியதே, திறன் காரணியைத் திருத்தும் சுற்றுள்ள அதே 300 வாட் மின்வழங்கிதான்.

காரணம் ஒரேயொரு மின்தேக்கி. 1 மைக்ரோஃபாரட் போட வேண்டிய இடத்தில் 0.1 போட்டிருக்கிறேன். எனக்குப் பிலிம் வகைதான் வேண்டும், இங்கே கிடைக்கவில்லை. பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனேன். கடைக்கார அண்ணன் மூன்று இழுப்பறைகளைத் துழாவி, தூசியை ஊதி எடுத்துக் கொடுத்தார். 60 காசு! பஸ் கட்டணம் அதைவிடப் பல மடங்கு. புளியங்கொட்டை அளவுதான், எனக்கோ தங்கம் வாங்கிய மகிழ்ச்சி.

இந்தச் சுற்றில் இரண்டு கட்டுப்பாடுகள். உள்ளே இருப்பது வேகமானது: மின்னழுத்த அலை ஏறி இறங்கும் அதே வடிவில் மின்னோட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும். வெளியே இருப்பது வெளியீட்டின் 390 வோல்ட்டைக் காக்கிறது. அது நிதானமாக, 10 ஹெர்ட்ஸ் அளவில்தான் நடக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் வெளியீட்டில் 100 ஹெர்ட்ஸ் சிற்றலை, அதாவது சிறு ஏற்ற இறக்கம், இருக்கும். அதையும் திருத்தப் போனால் மின்னோட்டத்தில் 150 ஹெர்ட்ஸ் கலந்துவிடும். என் 0.1 மின்தேக்கி வெளிக் கட்டுப்பாட்டை வேகமாக்கி அதைத்தான் செய்திருந்தது. அலைக்காட்டியில் பார்த்தேன்: அலையின் ஒரு தோள் உப்பி, மறு தோள் சரிந்து கிடந்தது. புதியதைப் பற்றவைத்ததும் நிமிர்ந்துவிட்டது.

அட, முதலில் சொல்லியிருக்க வேண்டும்: திறன் காரணித் திருத்தமே இல்லாத மின்வழங்கி, அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தை வெடுக்கென்று உறிஞ்சும். திறன் காரணி 0.6 பக்கம் விழும்.

மின்னோட்டம் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தைத் தொட்ட பிறகே சுவிட்சைப் போடும் முறையைச் சிலர் கேட்டிருந்தீர்கள். சிறிய விளக்குகளுக்கு அருமை, பாகங்களும் குறைவு. ஆனால் உச்ச மின்னோட்டம் சராசரியைப் போல இரு மடங்கு, அதிர்வெண்ணும் அலைபாயும். 300 வாட்டுக்கு எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. மின்னோட்டத்தின் சராசரியைப் பார்த்துக் கட்டுப்படுத்தும் சராசரி மின்னோட்ட முறைதான் என் கட்சி.

நிதானத்துக்கும் ஒரு விலை உண்டு. சுமையைச் சட்டென்று கழற்றினேன். 390 என்பது 418-க்குத் தாவியது. என் வெளியீட்டு மின்தேக்கி 450 வோல்ட் தாங்கும், தப்பித்தேன். நீங்கள் செய்தால் மிகை மின்னழுத்தப் பாதுகாப்பை முதலில் போடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் நிற்கும். மீட்டரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.