உப்பின் கணக்கும் தவளையின் தசையும்

(கல்லூரி விலங்கியல் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் முதல்வர் அவர்களே, பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த தாளாளர் ஐயா அவர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியப் பெருமக்களே, இரண்டு நாளாக மேடை அமைத்த ஆய்வக உதவியாளர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். தவளையின் தசைக்கும் அது பொருந்தும். கால்சியம், பொட்டாசியம், மெக்னீசியம் என்ற மூன்றைப் பற்றியும் இன்று பேச நினைக்கிறேன்.

முதலில் லண்டனுக்குப் போவோம். சிட்னி ரிங்கர் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் மருத்துவர். தவளை இதயத்தை உப்புக்கரைசலில் துடிக்க வைத்து, எந்த உப்பு என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1882-இல் கட்டுரை வெளியிட்டார். சோடியம் குளோரைடும் கொஞ்சம் பொட்டாசியமும் இருந்தாலே இதயம் நன்றாகத் துடிக்கிறது, கால்சியம் அவசியமில்லை என்று தோன்றியது. பிறகு அதே கரைசலில் இதயம் திடீரெனத் தளர்ந்தது. உப்பு அதே உப்பு, எடை அதே எடை. மாறியது தண்ணீர்! முன்பு கரைசல் காய்ச்சி வடித்த நீரில் தயாரானதாக அவர் நம்பியிருந்தார். உண்மையில் லண்டனுக்குத் தண்ணீர் வழங்கிய நியூ ரிவர் கம்பெனியின் குழாய்த் தண்ணீரில்தான் அது தயாராகியிருந்தது. வடிப்பதற்கு நேரமாகிறது என்று உதவியாளர் குழாயைத் திறந்துவிட்டார் என்று பின்னாளில் சொல்வார்கள். அந்தத் தண்ணீரில் பத்து லட்சத்தில் சுமார் 38 பங்கு கால்சியம் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் கொண்டு பொருளை அளக்கும் அலகு). இன்று நாம் அவர் பெயரால் அழைக்கும் உப்புக்கரைசலான ரிங்கர் கரைசலில் எடைபோட்டுப் போடுகிற அளவும் கிட்டத்தட்ட அதுதான். 1883-இல் ரிங்கர் தம் முடிவைத் தாமே திருத்தி எழுதினார். அந்த நேர்மைக்கு இந்த மேடையிலிருந்து ஒரு கும்பிடு.

இதயம் நின்றது, ஆனால் கால் தசை உடனே நிற்பதில்லை. கெண்டைத் தசையைக் கால்சியமற்ற கரைசலில் வைத்து நேரடியாக மின்தூண்டல் கொடுங்கள். சிறிது நேரம் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். அதற்கு வேண்டிய கால்சியம் இழைக்குள்ளேயே, சார்க்கோபிளாச வலை என்ற நுண்குழாய்ப் பின்னலில் சேமிப்பாக இருக்கிறது. அது வெளியே வந்து ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டியதும், மயோசின் என்ற தசைப் புரதம் ஆக்டின் என்ற இன்னொன்றைப் பற்றுகிறது; தசை சுருங்குகிறது. தவளை இதய இழையில் அந்த வலை மிகக் குறைவு. அதனால் வெளிக் கால்சியத்தையே அது நம்பியிருக்கிறது. அதே கெண்டைத் தசையை நரம்பு வழியாகத் தூண்டினால் கதை வேறு. நரம்பு முனையில், தசைக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் வெளிப்படக் கால்சியம் வேண்டும். அது இல்லாவிட்டால் தசை நன்றாக இருந்தும் அசையாது. தசை செத்துவிட்டதென்று முடிவெடுக்கும் முன், மின்முனையை நரம்பிலிருந்து எடுத்துத் தசைமேல் வைத்துப் பாருங்கள்.

பொட்டாசியம் வழக்கமாக லிட்டருக்கு 2 மில்லிமோல் அளவில்தான் இருக்கும். 25-ஐத் தாண்டினால் மின்தூண்டல் இல்லாமலே கால் தசை இறுகத் தொடங்கும். ஆனால் பொட்டாசியம் மிஞ்சினால் இதயம் தளர்ந்த நிலையில் நின்றுவிடும். கால்சியம் மிஞ்சினால் சுருங்கிய நிலையில் நிற்கும்.

ஒரு லிட்டர் தவளை ரிங்கருக்குச் சோடியம் குளோரைடு 6.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.14, சோடியம் பைகார்பனேட் 0.2, நீரற்ற கால்சியம் குளோரைடு 0.12. ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த இருநீரேற்று என்றால் 0.16. புட்டியின் லேபிளைப் படிக்காமல் எடைபோடுவதுதான் பெரும்பாலும் நடக்கிற தவறு. மற்ற மூன்றையும் 900 மில்லியில் கரைத்து, கால்சியத்தைத் தனியே கரைத்து, கடைசியில் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். பிறகு ஒரு லிட்டராக்குங்கள். அவசரப்பட்டால் கரைசல் பால்போல் கலங்கும். கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிட்டது என்று பொருள். அதைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே!

பல்கலைக்கழக மானியக் குழு 2011-லும் 2014-லும் விடுத்த அறிவுறுத்தல்களுக்குப் பிறகு நம் கல்லூரிகளில் தவளை அறுப்பது அருகிவிட்டது. நல்லதுதான். ஆனால் தண்ணீர் மாறவில்லை. நொதிச் சோதனைக்கும் தாங்கல் கரைசலுக்கும் ஆர்.ஓ. கேன் தண்ணீரையே ஊற்றும் ஆய்வகங்கள் இருக்கின்றன. குடிக்க விற்கும் கேனில் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பதும் உண்டு. மாணவன் வாங்கும் விடை பிசகினால் மாணவனைத்தான் திட்டுகிறோம்.

தாளாளர் ஐயா அவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். துறைக்கு நீரைக் காய்ச்சி வடிக்க ஒரு கண்ணாடி வாலை, நீரில் உப்பு கலந்திருப்பதைக் காட்ட ஒரு மின்கடத்துதிறன் மீட்டர். சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமென்ஸுக்கு மேல் காட்டும் நீரை ஏற்காதீர்கள். மீட்டர் வரும்வரை சோதனைக்குழாயில் கொஞ்சம் நீர் எடுத்து அம்மோனியம் ஆக்சலேட் விடுங்கள். வெண்மையாகக் கலங்கினால் அதில் கால்சியம் இருக்கிறது. வெள்ளி நைட்ரேட்டுக்குக் கலங்கினால் குளோரைடு. அந்த நாளின் அளவை வாலைக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். மெக்னீசியத்தைத் தொட நேரமில்லை. முதல்வர் அவர்கள் அனுமதித்தால் மதியம் ஆய்வகத்திலேயே பேசுவோம். வரும்போது உங்கள் துறையில் பயன்படுத்தும் தண்ணீரில் அரைப் புட்டி கொண்டுவாருங்கள், ஆக்சலேட் சோதனையை அங்கேயே செய்துவிடலாம். நன்றி, வணக்கம்.