உம்புமுலோ என்றால் இளைப்பாறும் இடம்

நேயர்களே, வணக்கம். தென்னாப்பிரிக்காவில் நேட்டாலிலுள்ள ஸ்டேங்கர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும்தான். நம் பாட்டன் பூட்டன் வேர்வை சிந்திய மண் அது. அங்கிருந்து உள்பக்கமாக மலையேறிப் போனால் உம்புமுலோ என்ற பழைய மிஷன் ஊர் வரும். ஜூலு மொழியில் அதற்கு இளைப்பாறும் இடம் என்று அர்த்தம். இன்று தென்கிழக்குப் பேராயம் என்று நாம் சொல்கிற, மார்ட்டின் லுத்தர் வழிவந்த லுத்தரன் திருச்சபையின் பேராயத்தின் கதையை அந்த ஊரிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

நார்வேயிலிருந்து ஹன்ஸ் ஸ்ரூடர் என்ற மிஷனரி 1844இல் நேட்டாலுக்கு வந்தார். ஜூலு அரசர் இம்பாண்டே அவரை நாட்டுக்குள் விடவில்லை. பிறகு அரசருக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது ஸ்ரூடர் மருந்து கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஜூலு நாட்டில் எம்பாங்கேனி என்ற ஊரில் இடம் கிடைத்தது. முதல் ஞானஸ்நானம் 1858இல். மதென்ஜ்வாஸே ஷாங்கே என்ற இளம்பெண் உம்புமுலோவில் அதைப் பெற்றாள். பதினான்கு வருட உழைப்புக்கு ஒரு பெண்! பேராயர்களின் வரிசையைச் சொல்கிறவர்கள் இவளை விட்டுவிடுகிறார்கள். அந்த வரிசைக்கு முன்னால் நிற்க வேண்டியவள் அவள்தான் என்பது என் எண்ணம்.

நார்வேக்காரர்கள் மட்டும் வரவில்லை. பெர்லின் மிஷன் வந்தது. 1854இல் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் கப்பலேறி வந்தது. அவர்கள் புறப்பட்டது எத்தியோப்பியப் பக்கத்து ஒரோமோ மக்களிடம் போவதற்கு, வழி கிடைக்காததால் நேட்டாலில் தங்கினார்கள். 1876இல் ஸ்வீடன் மிஷன் வந்தது. ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் அவர்கள் வீடுதான் 1879 ஜனவரியில் ஆங்கிலேயருக்கும் ஜூலுக்களுக்கும் நடந்த போரில் எரிந்தது.

இந்த ஸ்வீடன் மிஷன் நமக்கு அந்நியமல்ல. அதே சபைதான் மதுரைப் பக்கத்திலும் ஊழியம் செய்தது. முதல் உலகப்போரில் ஜெர்மானிய மிஷனரிகள் தமிழ்நாட்டை விட்டுப் போக நேர்ந்தபோது வேலையைத் தாங்கிப் பிடித்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. 1921இல் அதன் முதல் பேராயரான ஹியூமனும் ஸ்வீடன்காரரே. அதே நாட்டு மிஷன் அங்கே தமிழும் இங்கே ஜூலுவும் கற்றுக்கொண்டது.

நேட்டாலில் 1912இல் நார்வே, ஸ்வீடன், பெர்லின் என மூன்று மிஷன்கள் கைகோத்தன. ஆசிரியர் பயிற்சி உம்புமுலோவில், போதகர் பயிற்சி ஸ்வீடன்காரர்களின் ஆஸ்கார்ஸ்பெர்க்கில், சுவிசேஷகர் பயிற்சி பெர்லின்காரர்களின் எம்மாவுஸில் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சேர்ந்து படிக்கிற பிள்ளைகள் பிறகு தனித்தனிச் சபையாக நிற்பார்களா? 1960இல் தென்கிழக்கு மண்டலத் திருச்சபை பிறந்தது. 1975 டிசம்பரில் ரஸ்டன்பர்க் பக்கத்துத் த்லாபானேவில் அது உட்பட நான்கு மண்டலத் திருச்சபைகள் ஒன்றாகி, எல்க்சா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தென்னாப்பிரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆயின.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சபைகள் சேர்ந்தால் ஒரு குருசேகரம். குருசேகரங்கள் சேர்ந்தால் ஒரு வட்டாரம். அதற்கு டீன் என்ற ஒரு தலைமைக் குரு. வட்டாரங்கள் சேர்ந்தால் பேராயம், அதற்குப் பேராயர். நம் தென்கிழக்குப் பேராயம் அப்படி ஒன்று. எல்லாப் பேராயங்களுக்கும் மேலே தலைமைப் பேராயர். தீர்மானம் எடுக்கிற மன்றங்களில் குருமாரோடு சபையாரும் உட்காருகிறார்கள்.

ஆனால் அந்த 1975 இணைப்பில் ஜெர்மன் வம்சாவளி வெள்ளையர் சபைகள் சேரவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது. ஒரே லுத்தர், ஒரே ஞானோபதேசம், ஆனால் தனித்தனி ஆராதனை. 1977இல் தாருஸ்ஸலாமில் கூடிய உலக லுத்தரன் பேரவை, இனப்பாகுபாட்டை நிராகரிப்பது அரசியல் கருத்து மட்டுமல்ல, விசுவாசத்தைச் சேர்ந்த காரியம் என்று அறிவித்தது. 1984இல் புடாபெஸ்டில், தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் இருந்த இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. எல்க்சாவின் பேராயராக இருந்த மனாஸ் புத்தெலேசி, அதற்கு முன்பே 1973இல், பேச்சையும் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தும் அரசின் தடையாணையைச் சுமந்தவர்.

1975இல் சேராத வெள்ளையர் சபைகளில் ஒன்றான நேட்டால் டிரான்ஸ்வால் சபையும் எல்க்சாவும் இன்னும் ஒன்றாகவில்லை. ஆனால் 2003இல் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இரண்டும் சேர்ந்து ஒரு லுத்தரன் இறையியல் நிறுவனத்தைத் தொடங்கின. வருங்காலப் போதகர்கள், இந்தச் சபைப் பிள்ளைகளும் அந்தச் சபைப் பிள்ளைகளும், சேர்ந்து படிப்பதற்காக. 1912இலும் இணைப்பு தொடங்கியது பள்ளிக்கூடத்தில்தான்.

நன்றி, வணக்கம்.